சதுப்பைக் கேட்ட நரி

ஒரு காட்டில், காட்டுக்குள்ளேயே இன்னொரு சின்ன நாடு இருந்தது.

பெரிய காடு பள்ளத்தாக்கில் படுத்திருந்தது. அதற்கு மேலே, மலையின் தோளில், மூடுபனிக்குள் ஒரு சதுப்பு. விடியற்காலையில் பார்த்தால் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். வெயில் ஏற ஏற, யாரோ இப்போதுதான் நினைத்துப் பார்ப்பதுபோல, கோரைப் புல் ஒவ்வொன்றாகத் தோன்றும். பிறகு தண்ணீர் தோன்றும். கடைசியாக வெள்ளை ஆம்பல்கள் தோன்றும்.

பள்ளத்தாக்குக்கு அரசர் கருமுகில் என்ற யானை. அவருடைய குணம் ஒன்றே ஒன்று: தூங்குவார். பெரிய இலுப்பை மரத்தடியில் நின்றபடியே தூங்குவார். மேலே சதுப்பில் தவளைகள் பாடும். வாத்துகளின் உறவான சிறகிகள் சீழ்க்கை அடிக்கும். அந்தச் சத்தம் காற்றில் இறங்கி வந்து, இலுப்பைப் பூக்களோடு கலந்து, அவர் தலையில் உதிரும். அவர் காதுகள் மெல்ல அசையும். கனவு காண்பார்.

அவர் கெட்டவர் அல்ல. தூங்குகிறவர் யாருக்கு என்ன கெடுதல் செய்துவிட முடியும்? அதற்கென்று அமைச்சர்கள் இருக்கிறார்கள்.

சதுப்பும் அவருடைய நாட்டைச் சேர்ந்ததுதான். ஆனால் அது தன்னாட்சி மாகாணம். அரசருடைய தாத்தா காலத்தில் புலிகள் படையெடுத்து வந்தபோது, சதுப்பு விலங்குகள் யானைக் கன்றுகளைக் கோரைக்குள் மறைத்துக் காப்பாற்றின. அந்த நன்றிக்காகத் தாத்தா ஒரு மருத மரப்பட்டையில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்.

"புலி வந்தால் அரசர் பார்த்துக்கொள்வார்.

சதுப்பின் காரியத்தைச் சதுப்பே பார்த்துக்கொள்ளும்.

சதுப்பைக் கேட்காமல் அதன் மண்ணிலும் நீரிலும் யாரும் கால் வைக்கக் கூடாது."

மனிதர்கள் எழுதியிருந்தால் "கை வைக்கக் கூடாது" என்று எழுதியிருப்பார்கள். தாத்தாவுக்குக் கை இல்லை. இருப்பதை வைத்துத்தானே எழுத முடியும்?

அரசரின் அமைச்சர் சொல்வல்லன் என்ற நரி. யார் எதைச் சொன்னாலும் சொன்னதற்கு மேல் புரிந்துகொள்வது அதன் குணம். எழுத்தர் ஒரு கரடி. அதன் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. நடந்ததை நடந்தபடியே எழுதும், ஓர் எழுத்து கூட்டாது, குறைக்காது என்பதால் "உள்ளபடி" என்றே அதை அழைத்தார்கள்.

ஒரு கோடை நண்பகலில், அரசர் தூக்கத்தில் முனகினார்.

"ஆம்பல்... குளிர்ந்த தண்ணீர்... காலடியில்..."

நரி துள்ளி எழுந்தது. "உள்ளபடி! எழுதிக்கொள். அரசர் தம் வாசலில் ஆம்பல் குளம் வெட்ட ஆணையிட்டார்."

"அரசர் தூங்குகிறாரே," என்றது கரடி.

"ஆணையிடும்போது கண் திறந்திருக்க வேண்டும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?"

கரடி யோசித்துப் பார்த்தது. எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அது தன் வழக்கப்படியே எழுதியது: "அரசர் தூக்கத்தில் ஆம்பல் என்றார், குளிர்ந்த தண்ணீர் என்றார், காலடியில் என்றார். குளம் என்று அமைச்சர் சொன்னார்."

"பள்ளத்தாக்கில் குளத்துக்குத் தண்ணீர் ஏது?" என்று பிறகு கேட்டது.

"மேலே நிறைய இருக்கிறது. பன்றிகளை விட்டு ஒரு வாய்க்கால் வெட்டினால் தானாக இறங்கி வரும்."

"அது சதுப்பின் தண்ணீர் ஆயிற்றே. மூன்றாவது வரி..."

"சதுப்பைக் கேட்க வேண்டும், அவ்வளவுதானே?" நரி சிரித்தது. "கேட்டுவிட்டால் போயிற்று."

அன்று மாலை இரண்டும் மலை ஏறின. சதுப்பின் கரையில் நரி நின்றது. வாயைத் திறக்கவில்லை. வலது காதை மட்டும் நிமிர்த்தி வைத்துக்கொண்டது.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. பனிக்குள் எங்கோ சிறகிகள் சீழ்க்கை அடித்தன. விரால் மீன் ஒன்று துள்ளி விழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தவளை கத்தியது. அதன் பெயர் மத்தளம். சதுப்பிலேயே பெரிய தொண்டை அதற்குத்தான். தன் குரலை நிறுத்தினால் உலகமும் நின்றுவிடும் என்று அது நம்பியது.

"உனக்குக் கேட்டதா?" என்றது நரி.

"கேட்டது," என்றது கரடி.

"எனக்கும் கேட்டது. ஆகவே எழுது: சதுப்பைக் கேட்டாகிவிட்டது."

நரி விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டது. கரடி, தன் எழுதுகோலான முள்ளம்பன்றி முள்ளைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றது. அந்த வாக்கியத்தில் எங்கோ ஒரு பொய் இருந்தது. ஆனால் எந்தச் சொல்லைத் தூக்கிப் பார்த்தாலும் அதன் அடியில் உண்மைதான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் காட்டுப்பன்றிகள் வந்தன. நண்பகலுக்குள் பள்ளத்தாக்கிலிருந்து சதுப்பின் விளிம்புவரை வாய்க்கால் வெட்டியாயிற்று. ஒரு முழக் கரைதான் மிச்சம். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பன்றிகள் கிழங்கு தேடப் போயின.

அந்த ஒரு முழக் கரைக்குப் பின்னால்தான், முழங்கால் ஆழத் தண்ணீரில், மத்தளத்தின் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தன. ஆயிரத்து நூறு தலைப்பிரட்டைகள். இன்னும் கால் முளைக்கவில்லை. வெறும் வாலும் வயிறும்தான்.

"அக்கா!" மத்தளம் அலறிக்கொண்டு ஓடியது. "நீலாயி அக்கா! கரை போனால் முதலில் வற்றுவது எங்கள் குழிதான்! கால் இருந்தாலாவது ஏறி ஓடச் சொல்வேன். வாலை வைத்துக்கொண்டு எங்கே ஓடும்?"

நீலாயி என்பது நீல இறகும் சிவந்த அலகும் கொண்ட ஒரு தாழைக்கோழி. சதுப்பின் தலைவி. அதன் குணம் பொறுமை. ஆம்பல் இலைமேல் நடந்தாலும் இலை அசையாது.

"கால் முளைக்க எத்தனை நாள் ஆகும்?"

"பத்துப் பன்னிரண்டு நாள்."

"சரி. நான் கீழே போய் வருகிறேன்," என்றது நீலாயி.

இலுப்பை மரத்தடியில் அரசர் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே நரியும் நீலாயியும் வாதாடின. நடுவில் கரடி எழுதியது.

"எங்களைக் கேட்காமல் வாய்க்கால் வெட்டியிருக்கிறீர்கள், அமைச்சரே."

"கேட்டேனே, அம்மா. நேற்று மாலை வந்து, நின்று, நன்றாகக் கேட்டேன். உங்கள் தவளைக்குக் கொஞ்சம் கட்டைக் குரல்."

"கேட்பது என்றால் கேள்வி கேட்பது!"

"ஆணையில் 'கேள்வி' என்ற சொல் எங்கே இருக்கிறது? காட்டுங்கள். 'கேட்காமல்' என்று இருக்கிறது. எனக்கு இரண்டு காது. ஒன்றாலேயே கேட்டேன்."

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், அரசாங்கம் தனக்கு அருகில் இருப்பதை எடுத்துக்கொள்ளும்.

"அரசே!" என்று நீலாயி உரக்கக் கூப்பிட்டது. "இது நியாயமா? அமைச்சர் சொல்வதுதான் சரியா?"

"உம்," என்றார் அரசர், தூக்கத்தில்.

'உம்' என்பது இலக்கணத்தில் ஓர் இடைச்சொல். அரண்மனையில் அது ஒரு தீர்ப்பு.

நரி வாலை ஆட்டியது. நீலாயி தலையைச் சாய்த்தது. மலைமேலிருந்து சதுப்பின் சத்தம் மெல்லியதாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டபடியே நீலாயி பணிவாகச் சொன்னது:

"தீர்ப்பு தீர்ப்புதான். ஒரே ஒரு சந்தேகம், அமைச்சரே. ஒருநாள் கேட்டது அந்த ஒருநாள் வேலைக்குத்தானே? கரையை உடைக்கும் முன் மறுபடியும் கேட்பீர்கள் அல்லவா?"

"தாராளமாக! தினமும் வந்து கேட்கிறேன்."

"உங்களுக்கு எதுவும் கேட்காத நாளில் கரையைத் தொடமாட்டீர்கள்?"

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "சதுப்பு கேட்காத நாளா? உங்கள் மத்தளத்தை வைத்துக்கொண்டா? எழுது, உள்ளபடி! கேட்காத நாளில் தொடமாட்டோம். என் பெயரையும் போட்டு எழுது!"

கரடி எழுதியது. அதன் முகத்தில் முதன்முறையாக ஒரு சின்ன மகிழ்ச்சி தெரிந்தது.

அன்று மாலை சதுப்பு மௌனமாயிற்று.

சிறகிகளுக்குப் பறந்தாலே சீழ்க்கை வந்துவிடும் என்பதால் அவை நடந்து போயின. நாரைகள் அலகை இறகுக்குள் செருகிக்கொண்டன. விரால்கள் துள்ளாமல் அடியில் கிடந்தன. மத்தளம் ஒரு சேற்று மேட்டில் உட்கார்ந்து, தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது. பனி வந்து எல்லாவற்றையும் போர்த்தியது. யாரோ ஒரு பெரிய படத்தை வரைந்து, அதற்குச் சத்தம் போட மறந்துவிட்டதுபோல் இருந்தது.

நரி வந்தது. வலது காதை நிமிர்த்தியது. பிறகு இடது காதையும் நிமிர்த்தியது.

"கேட்கிறதா?"

"இல்லை," என்றது கரடி.

"கொஞ்சம்கூடவா?"

"உங்கள் வயிறு இரைவது கேட்கிறது. அது பள்ளத்தாக்கைச் சேர்ந்தது."

இரண்டாம் நாளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நரி ஒரு கல்லைத் தண்ணீரில் எறியப் போனது. "அந்தச் சத்தம் கல்லுடையது, ஐயா," என்றது கரடி. நான்காம் நாள் நரி கரையில் நின்று கேலி பேசியது.

"என்ன தம்பி மத்தளம், தோல் கிழிந்துவிட்டதா? போன வருஷம்வரை உன்னைப் பெரிய பாடகன் என்றார்கள். பக்கத்து மலையில் ஒரு சின்னத் தேரை இருக்கிறதாம். அது உன்னைவிட நன்றாகப் பாடுகிறதாம்!"

மத்தளத்தின் தொண்டை ஒரு பலாப்பழம் அளவுக்கு வீங்கியது. நீலாயி மெல்ல நடந்து போய் அதன் பக்கத்தில் நின்றது. தண்ணீரைக் காட்டியது. அங்கே ஆயிரத்து நூறு பிள்ளைகளும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. பலாப்பழம் மெதுவாக எலுமிச்சம்பழம் ஆயிற்று.

இதற்கிடையில் பள்ளத்தாக்கில் ஒரு விந்தை நடந்தது. அரசருக்குத் தூக்கம் போய்விட்டது.

இலுப்பைப் பூ உதிர்ந்தது. காற்று வீசியது. நிழல் குளுமையாகத்தான் இருந்தது. ஆனால் கண் மூடவில்லை.

"ஏதோ குறைகிறது, சொல்வல்லா," என்றார் அரசர்.

"புழுக்கம், அரசே."

"புழுக்கம் என்றால் அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு எதுவோ இல்லாமல் இருக்கிறது. எது என்றுதான் தெரியவில்லை."

ஒன்பது நாள் அவர் தூங்கவில்லை. கனவு இல்லை. கனவு இல்லாததால் புதிய ஆணைகளும் இல்லை. காடு முன்பைவிட ஒழுங்காக நடந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பத்தாம் நாள் பிற்பகல், சிவந்த கண்களோடு அரசர் தனியாக நடக்கத் தொடங்கினார். எந்தத் திசையிலிருந்து அந்த 'எதுவோ' வந்துகொண்டிருந்ததோ, அந்தத் திசையில் அவர் கால்கள் தாமாகவே ஏறின.

அதே பிற்பகலில் மலைமேல் கருமேகம் கூடியது. நரி பன்றிகளைக் கூட்டிக்கொண்டு கரையில் வந்து நின்றது.

"இன்று முடிந்தது! மழை வந்தால் எந்தத் தவளையாவது சும்மா இருக்குமா? பன்றிகளே, தந்தத்தைத் தயாராக வையுங்கள்!"

முதல் துளி ஆம்பல் இலைமேல் விழுந்தது.

மத்தளத்துக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கோடை முடிந்து முதல் மழை! தவளையாகப் பிறந்ததன் பயனே அந்த நொடியில்தான் இருக்கிறது. அது பயந்துபோய் வாய் நிறையச் சேற்றை அடைத்துக்கொண்டது. அதனால் ஒரு பயனும் இல்லை. தவளைகள் எப்போதுமே வாயை மூடிக்கொண்டுதான் கத்துகின்றன. வேண்டுமானால் அடுத்த மழையில் போய்ப் பாருங்கள்.

"அக்கா... வருகிறது... என்னால் முடியாது..." என்று அது கண்ணாலேயே சொன்னது.

நீலாயி அலகால் அதைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது.

உள்ளே மங்கலான பச்சை வெளிச்சம். மழை மேலே எங்கோ வேறு உலகத்தில் பெய்தது. மத்தளத்தைச் சுற்றிப் பிள்ளைகள் வந்து மொய்த்தன. ஒன்று அதன் கன்னத்தைத் தொட்டது. மத்தளம் உற்றுப் பார்த்தது. அந்தப் பிள்ளையின் வாலுக்குப் பக்கத்தில், பனித்துளியைவிடச் சிறியதாக, இரண்டு கால்கள்.

அதற்குப் பிறகு மத்தளத்துக்குக் கத்தவே தோன்றவில்லை. அடியிலேயே உட்கார்ந்து கால்களை எண்ணத் தொடங்கியது.

கரைமேல் நரி குதித்தது. "கேட்கிறது! சலசலவென்று கேட்கிறது! எழுது!"

"அது மழை," என்றது கரடி.

"மழை சதுப்பில்தானே விழுகிறது?"

"சத்தம் வானத்துடையது. வானம் எந்த மாகாணம் என்று ஆணையில் இல்லை."

அப்போது பனியையும் மழையையும் விலக்கிக்கொண்டு யானை அரசர் கரைக்கு வந்தார். நரி வாலைச் சுருட்டிக்கொண்டது. அரசர் அதைப் பார்க்கவேயில்லை. அசையாத கோரையையும், நடந்து போகும் சிறகிகளையும், அலகை ஒளித்த நாரைகளையும் பார்த்தார். நின்று நின்று பார்த்தார்.

"நீங்கள்தானா?" என்றார் மெல்ல. "நீங்கள்தான் குறைந்தீர்களா? ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?"

நீலாயி ஆம்பல் இலைமேல் ஓர் அடி முன்னால் வந்தது.

"அரசே," என்றது.

"கேட்டது!" நரி கூவியது. "சதுப்பு வாய் திறந்துவிட்டது! எழுது, உள்ளபடி! பன்றிகளே, உடையுங்கள்!"

பன்றிகள் கரையில் தந்தத்தை வைத்தன. மண் கொஞ்சம் சரிந்தது.

அரசரின் தும்பிக்கை அவற்றின் குறுக்கே இறங்கியது.

"பொறுங்கள். நான் ஒன்று கேட்டிருக்கிறேன். அது பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. முடிக்கட்டும்."

கரடி நிமிர்ந்து உட்கார்ந்தது. நீலாயியின் காலடியில் ஆம்பல் இலை அசைந்தது. பொறுமைசாலிகளுக்கும் சில சமயம் அப்படி ஆகும்.

"அரசே, இத்தனை நாளில் இப்போதுதான் எங்களை ஒருவர் கேட்டார். நாங்கள் பேசினால் எங்கள் கரை உடையும். அதனால்தான் பேசவில்லை. எங்கள் பதில் இதுதான்: தண்ணீர் தர இயலாது. பிள்ளைகளுக்கு இன்னும் கால் வரவில்லை."

"எந்தத் தண்ணீர்? யாருக்கு?" அரசர் திருதிருவென்று விழித்தார்.

கரடி தான் எழுதி வைத்த மரப்பட்டையைப் புரட்டி உரக்கப் படித்தது. "அரசர் தூக்கத்தில் ஆம்பல் என்றார், குளிர்ந்த தண்ணீர் என்றார், காலடியில் என்றார். குளம் என்று அமைச்சர் சொன்னார்."

அரசர் வெகுநேரம் ஆம்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கனவு ஞாபகம் இருக்கிறது," என்றார். "குளம் என் வாசலுக்கு வரவில்லை. நான்தான் எங்கோ போயிருந்தேன். பனி இருந்தது. வெள்ளைப் பூ இருந்தது. இதோ, இதே பூ." பிறகு நரியின் பக்கம் திரும்பினார். "ஆக, நீ என்னையும் கேட்டிருக்கிறாய். காதால்."

நரிக்கு அன்று முதன்முறையாக, சொன்னதற்கு மேல் எதுவும் புரியவில்லை.

"வாய்க்காலை மூடுங்கள்," என்றார் அரசர் பன்றிகளிடம். பிறகு ஒரு முன்னங்காலைத் தூக்கியவர், தூக்கியபடியே நின்றார்.

"தலைவியே, நான் இந்தத் தண்ணீரில் கொஞ்ச நேரம் கால் வைத்துக்கொள்ளலாமா?"

நீலாயி திரும்பி நடந்தது. நாரைகளிடம் போய்ப் பேசியது. சிறகிகளிடம் பேசியது. மழை பெய்தது. அரசர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, நனைந்தபடி, மூன்று காலில் நின்றார்.

"மேற்குப் பக்கம் வாருங்கள்," என்றது நீலாயி திரும்பி வந்து. "இந்தப் பக்கம் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

அரசர் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார். தண்ணீர் குளிர்ந்திருந்தது.

கிழக்கே ஒரு தலை மேலே வந்தது. "அக்கா! நானூற்று முப்பது பேருக்கு வந்துவிட்டது! மீதிப் பேரை நாளைக்கு எண்ணுகிறேன். மழை இன்னும் இருக்கிறதா? கத்தலாமா?"

"கத்து, மத்தளம்."

மத்தளம் கத்தியது. பத்து நாள் கத்தாததையும் சேர்த்துக் கத்தியது. சிறகிகள் கூட்டமாக எழுந்து சீழ்க்கை அடித்தன. விரால்கள் துள்ளின. அரசரின் காதுகள் மெல்ல அசைந்தன. ஆம்பல்களுக்கு நடுவே, பனிக்குள் பாதி மறைந்தபடி, அவர் நின்றவாறே தூங்கிப்போனார்.

சற்று நேரத்தில் அவர் உதடு அசைந்தது. "தாழம்பூ... நிலா... ஏணி..."

நரியின் காது தானாக நிமிர்ந்தது. "உள்ளபடி, எழுதிக்கொள்..."

கரடி முள்ளைக் கீழே வைத்தது.

"முதலில் அவரை எழுப்பிக் கேளுங்கள், ஐயா," என்றது. "பதில் வரும்வரை நான் காத்திருக்கிறேன். நீங்களும் காத்திருங்கள்."

நீதி: பதிலுக்குக் காத்திராதவர், எத்தனை முறை கேட்டாலும் கேட்டவர் ஆகமாட்டார்.